மலையேறாத மருந்து

"சாமி மலையேறிவிட்டது" என்பார்கள் நம் நாட்டுப்புறத்தில். பூசாரி ஆடி முடித்துத் தரையில் சாய்ந்ததும், கூட்டம் கலையும்போது சொல்லும் வாக்கு அது. சாமிக்கு மலையேறுவது அவ்வளவு சுலபம்! சாராய ஊறலுக்கு வெல்லம் மலையேறுகிறது. வட்டிக்காரன் மலையேறுகிறான். ஆந்திரக் காட்டுக்கு மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகன், முன்பணத்தை மடியில் கட்டிக்கொண்டு மலையேறுகிறான். தேர்தல் வந்துவிட்டால் கட்சிக் கொடிகளெல்லாம் மலையேறுகின்றன. ஏறாதது ஒன்றே ஒன்றுதான் — மருந்து! குடிநோயாளி நாள்தோறும் விழுங்கவேண்டிய சிறு மாத்திரை. கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய வில்லை. அது மட்டும் அடிவாரத்திலேயே களைத்து உட்கார்ந்துவிடுகிறது!

நாம் பேசுவது ஜவ்வாது மலையைப் பற்றி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் மலை. சாமை விளையும் மண். தேன் தரும் காடு. ஒரு காலத்தில் சந்தனம் மணந்த சோலை. அங்கே வாழ்வோர் மலையாளிகள். கேரள நாட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். மலையை இடமாகக் கொண்டதால் அப்பெயர் பெற்ற, தமிழ் பேசும் பழங்குடி மக்கள்.

அந்த மலையில்தான் காவலூர் இருக்கிறது. 1977-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள், யுரேனசு என்னும் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்குச் சான்று கண்ட ஆய்வுக்கூடங்களுள் காவலூரும் ஒன்று. 1986-இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியும் அங்கே பணிபுரியத் தொடங்கியது. 250 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள வளையத்தைக் கண்டுபிடித்துவிட்டது அறிவு, அந்த மலையில் நின்றுகொண்டு! அதே மலையில், கூப்பிடு தூரத்துக் குடிசையில், விடியற்காலையில் நடுங்கும் கையைக் கண்டுபிடிக்கத்தான் எவருக்கும் கண்ணில்லை!

*

குடியால் கெட்ட ஒருவன் மருத்துவமனைக்கு வருகிறான். சேர்த்துக்கொள்கிறார்கள், தேற்றுகிறார்கள், மாத்திரை தந்து அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று திங்கள் கழிகின்றன. மாத்திரை நின்றுவிடுகிறது, குடி திரும்பிவிடுகிறது. உடனே தீர்ப்புகள் பிறக்கின்றன.

"மாத்திரை கொடுத்தோம்; அவன் தின்னவில்லை" — இது மருத்துவமனையின் தீர்ப்பு.

"காப்புக் கட்டினேன், சத்தியத்தை மீறிவிட்டான்" — இது பூசாரியின் தீர்ப்பு.

"எவ்வளவோ புத்தி சொன்னோம்; திருந்தாத சென்மம்" — இது ஊர்ப் பெரியவர்களின் தீர்ப்பு.

மூன்று வாய்கள், ஒரே தீர்ப்பு! குற்றவாளி யார் என்பதில் மட்டும் படித்தவருக்கும் படியாதவருக்கும், ஊசி பிடித்தவருக்கும் உடுக்கை பிடித்தவருக்கும், எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்!

இந்தத் தீர்ப்பை நாம் மறுக்கிறோம். மருந்தை இடையில் விட்டவன் பாவியும் அல்லன், மானங்கெட்டவனும் அல்லன். நாள் தவறாமல் மருந்து உண்பது தனி ஒருவனின் மனவலிமையில் மட்டும் நிற்கும் காரியமன்று. அது ஒரு சமூக ஏற்பாடு. ஏற்பாடு இருந்தால் மருந்து தொடரும், இல்லையேல் அறுந்துபோகும். ஏற்பாட்டைச் செய்யாதவர்கள், செய்யாத குற்றத்தை நோயாளியின் தலையில் ஏற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். இதுவே நம் வழக்கு. இனி, சான்றுகளை வைக்கிறோம்.

*

குடி முற்றிய நிலை ஒரு நோய். மூளையின் வேட்கை வழிகள் மாறிப்போன நோய். இதை இரக்கத்தால் சொல்லும் உபசார வார்த்தையென எண்ணவேண்டாம், சட்டமே சொல்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் விளையும் மனநிலைக் கேடுகளை மனநோய் என்ற இலக்கணத்துக்குள் சேர்த்திருக்கிறது. நோய் என்றால் மருந்து உண்டா? உண்டு.

டைசல்பிரம் என்றொரு மருந்து. 1940-களில் டென்மார்க்கு நாட்டில் யென்சு ஆல்டு, எரிக் யாக்கப்சன் என்ற இருவர், வயிற்றுப் புழுவுக்கு மருந்தாகுமா என்று சோதிக்க அதைத் தாமே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு சிறிது மது அருந்தியபோது முகம் சிவந்தது, நெஞ்சு படபடத்தது, குமட்டியது. ஏன் என்று கேட்டார்கள். "தெய்வக் குற்றம்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, ஆராய்ந்தார்கள்! உடலுக்குள் போன சாராயம் முதலில் அசிட்டால்டிகைடு என்னும் நஞ்சாகிறது. பிறகு அந்த நஞ்சு வேறொரு நொதியால் தீங்கற்ற பொருளாகிறது. அந்த இரண்டாவது படியை இந்த மருந்து அடைத்துவிடுகிறது, நஞ்சு தேங்குகிறது, குடித்தவனை வதைக்கிறது. 1948-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். மருந்து உடம்பில் இருக்கிறது என்று அறிந்தவன், கோப்பையைத் தொட அஞ்சுவான். அதுவே அதன் வேலை.

அடுத்து, நால்ட்ரெக்சோன். குடியில் கிடைக்கும் கிளுகிளுப்பை மூளையில் மங்கச்செய்து வேட்கையைத் தணிப்பது. மூன்றாவது, அக்காம்புரோசேட்டு, குடியை விட்ட மூளையின் பதற்றத்தை ஆற்றுவது. பின்னிரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இந்த மருந்துகளை அற்புதம் என்று நாம் சொல்லவில்லை. அற்புதம் பேசுவது நம் வேலையன்று. 1986-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 605 ஆண்கள். ஒரு பிரிவினர்க்கு டைசல்பிரம் முழு அளவில். ஒரு பிரிவினர்க்குப் பெயரளவில். ஒரு பிரிவினர்க்கு அதுவும் இல்லை, வெறும் வைட்டமின். ஓராண்டு முடிந்தது. முற்றிலும் குடியாதிருந்தோர் தொகையில் மூன்று பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை! மருந்து தோற்றதா? அவசரப்படவேண்டாம். ஒழுங்காக விழுங்கினோர் ஐவரில் ஒருவரே. அப்படி விழுங்கியவர்களோ, எந்தப் பிரிவினராயினும், மற்றவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் குடியைத் தவிர்த்திருந்தார்கள்.

இதிலிருந்து கற்கவேண்டிய பாடம் என்ன? சீட்டில் எழுதித் தந்து, "போய் வா" என்று அனுப்பும் மருத்துவம், மருந்து தராத மருத்துவத்துக்குச் சமம் என்பதே. மாத்திரையை இன்னொருவர் பார்க்க விழுங்கும் ஏற்பாடு இருந்தால்? 2004-இல் மும்பையில் நடந்த ஆய்வொன்று வெளியாயிற்று. 100 ஆண்கள், ஒவ்வொருவருக்கும் மருந்தைக் கவனித்துத் தர வீட்டார் ஒருவர். ஓராண்டின் முடிவில், டைசல்பிரம் உண்டோரில் 100-க்கு 86 பேர் குடிக்குத் திரும்பவில்லை. நால்ட்ரெக்சோன் உண்டோரில் 100-க்கு 44 பேர். 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்களும் இதையே கண்டார்கள்: பார்வையில் தரும்போதுதான் டைசல்பிரம் பலிக்கிறது. மாத்திரை அதே மாத்திரை. மாறியது, அதை நீட்டிய கை!

*

இங்கே சனாதனி குறுக்கிடுவார். "வெறும் வைட்டமின் விழுங்கினாலே குடியை விடுகிறான் என்றால், அது நம்பிக்கையின் பலன்தானே? அந்த நம்பிக்கையை எங்கள் கயிறும் தருகிறதே!" என்று கேட்பார். நல்ல கேள்வி, நழுவாமல் பதில் சொல்கிறோம்.

ஆம், மாலை போட்ட ஒரு மண்டலம் குடியாமல் இருப்பவர்கள் உண்டு. கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொண்டு ஆறு மாதம் தொடாதவர்களும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால், மாலை கழற்றிய மறுநாள்? எத்தனைப் பேர் மலையிறங்கும் வழியிலேயே கடையைத் தேடுகிறார்கள்! கயிறு ஒரு தவணைக்கு; நோயோ ஆயுளுக்கு!

அதுவும் போகட்டும். ஆண்டுக்கணக்கில் நாள் முழுதும் குடித்தவன், சாமிக்குப் பயந்து ஒரே நாளில் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? கை நடுங்கும், உறக்கம் போகும், வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியும், கேளாத குரல் காதில் விழும். மருந்தில்லாவிட்டால் உயிரே போகவும் கூடும். மருத்துவன் முன்கூட்டியே அறிந்து, தகுந்த மருந்தாலும் வைட்டமின் பி1 ஊசியாலும் தடுக்கக்கூடிய நிலை அது. கோயில் வாசலில் அதற்கு என்ன பெயர்? "சாமி சோதிக்கிறார்!" வலிப்பு வந்து வாயில் நுரை தள்ளுகிறவனுக்கு எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள், அந்தோ!

இன்னொரு வேறுபாடு உண்டு, அதுவே பெரியது. கயிற்றைக் கட்டிக்கொண்டவன் ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால், அவன் பாவி. சாமி தண்டிக்கும். "சத்தியம் போயிற்று, இனி எப்படிக் குடித்தால் என்ன?" என்று முழுகிவிடுகிறான். மருந்து உண்பவன் ஒருநாள் தவறிவிட்டால்? அவன் பாவியல்லன், மருத்துவரைக் கேட்டு, மதுவின் சுவடு உடலைவிட்டு நீங்கியபின், மீண்டும் தொடங்கலாம். மருந்துக்குக் கோபம் கிடையாது. விழுந்தவன் எழுவதற்கு இடந்தருவது அறிவின் வழி; விழுந்தவனை மிதிப்பது மூடநம்பிக்கையின் வழி.

1954-ஆம் ஆண்டிலேயே, மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம் ஒன்று வந்தது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றையெல்லாம் மாய மருந்து என்று அச்சட்டம் பெயரிட்டுச் சொல்லுகிறது. சட்டம் ஏட்டில், தாயத்து கழுத்தில்!

*

கயிற்றுக்காரனைவிடக் கொடியவன் ஒருவன் இருக்கிறான். பேருந்து நிலையச் சுவரில், மின்கம்பத்தில், இதழ்களின் மூலையில் அவன் குரல் கேட்கும்: "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்!" அழுது வீங்கிய கண்களோடு நிற்கும் மனைவிக்கு அந்த வரி எவ்வளவு ஆறுதலாய்ப் படுகிறது! பொட்டலத்தில் என்ன இருக்கிறது? விற்பவன் சொல்லமாட்டான். சில சமயம் அது பொடித்த டைசல்பிரமாகவே இருக்கலாம். தெரியாமல் சாப்பிட்டவன் தெரிந்தே குடிக்கிறான். இரத்த அழுத்தம் சரிகிறது. இதயநோய் இருந்தால் உயிருக்கே கேடு. ஈரல் கெட்டவனுக்கு அந்த மருந்தே ஆகாது. குருதியைச் சோதித்தல்லவா தரவேண்டும்! இது மருந்தன்று, நஞ்சூட்டல்.

உயிர் தப்பினாலும் வேறொன்று சாகிறது — நம்பிக்கை. சோற்றில் எதையோ கலந்தாள் என்று அறிந்தவன், மனைவி கையால் தண்ணீரும் வாங்கிக் குடியான். நாளை மருத்துவர் தரும் மாத்திரையையும் நம்பான். நாம் வேண்டுவது கள்ளத்தனமாகக் கலக்கும் கையை அன்று. ஒப்புக்கொண்டவனுக்கு, அவன் கண்முன், அன்போடு நீட்டும் கையை.

*

இனி, மலைக்குப் போவோம். மாத்திரை எங்கே அறுபடுகிறது?

ஒரு மலையாளிக் குடும்பத் தலைவனை நினைத்துக்கொள்வோம். ஒரு திங்களுக்குரிய மாத்திரை கையில் இருக்கிறது. முடிந்ததும் மீண்டும் வாங்க, ஒற்றையடிப் பாதையில் நடந்து, ஜமுனாமரத்தூரோ புதூர்நாடோ வந்து, பேருந்துக்குக் காத்திருந்து, போளூருக்கோ திருப்பத்தூருக்கோ வேலூருக்கோ இறங்கவேண்டும். ஒருநாள் கூலி போயிற்று. துணைக்கு வந்தவளின் கூலியும் போயிற்று. வரிசையில் நின்று திரும்பினால், கடைசிப் பேருந்து போயிற்று. அந்த மலைத்தொடரின் வழிகள் எப்படிப்பட்டவை என்பதற்கு விளக்கவுரை வேண்டாம். 2023-ஆம் ஆண்டு மே மாதம், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில், பாம்பு கடித்த பச்சிளங்குழந்தை உரிய நேரத்தில் மருத்துவமனை சேராமல் மாண்டதையும், திரும்பும் வழியில் சாலை இல்லாததால் வண்டி நின்றுவிட, பெற்றவள் பிணத்தைச் சுமந்து நடந்ததையும் நாடு அறியும். உயிர் காக்கும் மருந்துக்கே வழியில்லாத இடத்தில், நாள்தோறும் உண்ணும் மருந்துக்கு வழி எங்கே?

சாமை அறுவடை முடிந்தால் பிழைப்புத் தேடி அவன் இறங்குகிறான். திருப்பூருக்கு, கேரளத்துக்கு, காப்பித் தோட்டத்துக்கு. சில பேர் செம்மரம் வெட்ட. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரை மறந்துவிட்டோமா? திருவண்ணாமலை மாவட்டத்து ஏழைகள் பலர் அந்தப் பிணக்குவியலில் கிடந்தார்கள். அப்படி ஊர்விட்டு ஊர் போகிறவனின் மாத்திரைச் சீட்டு எந்த ஊரில் செல்லும்? போன இடத்தில் அவனை அறிந்த மருத்துவர் யார்? கட்டிடச் சாரத்தின்மேல் நிற்பவனிடம், "காலையில் மாத்திரை விழுங்கினாயா?" என்று கேட்க யார் இருக்கிறார்கள்? அக்காம்புரோசேட்டு என்றால், வேளைக்கு இரண்டாக நாளுக்கு ஆறு மாத்திரை! உண்பதே இரண்டு வேளையாக இருப்பவன், மூன்று வேளை மருந்தை எந்தச் சோற்றோடு உண்பான்?

"உடம்புதான் தேறிவிட்டதே, இனி எதற்கு மருந்து?" என்று விடுபவர் உண்டு. காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்திப் பழகியவர்கள் வேறெப்படி எண்ணுவார்கள்? நோயின் தன்மையை எடுத்துச் சொன்னவர் யார்? ஊர்த் திருவிழாவுக்கு நான்கு நாள் முன்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, திருவிழாவில் குடிப்பவர் உண்டு. டைசல்பிரம் விட்டபிறகும் இரண்டு வாரம்வரை உடலில் வேலை செய்யும் என்று அவருக்குச் சொன்னவர் யார்? மருந்து உண்ணும் நாளில் உடல்வலிக்கென்று அரிட்டம் அருந்திவிட்டு வாந்தியெடுத்து, "மாத்திரைதான் கெடுதல்" என்று தூக்கி எறிபவர் உண்டு; அரிட்டத்திலும் ஆசவத்திலும் தானே ஊறிய சாராயம் உண்டு என்று எச்சரித்தவர் யார்?

யாரும் சொல்லவில்லை! "மலைக்காரனுக்கு எங்கே புரியப்போகிறது?" என்ற நினைப்பு. வெள்ளைச் சட்டைக்குள் ஒளிந்திருக்கும் வருணாசிரம மனம் அது. கம்பு, சாமை, தேன் என்று நூறு பக்குவம் அறிந்தவனுக்கு, ஒரு மாத்திரையின் பக்குவம் புரியாதாம்! மீண்டும் குடித்துவிட்டு வெட்கத்தோடு வாசலில் நிற்பவனை, "மறுபடியும் வந்துவிட்டாயா?" என்று வரவேற்கும் ஒரு வசைச் சொல் போதும்; அவன் இனி அந்த மலையை விட்டு இறங்கமாட்டான்.

*

"இதெல்லாம் ஆகாத காரியம்; மருந்தை வீடு தேடிப்போய் ஊட்டவா முடியும்?" என்று கேட்பவர்களுக்கு, அயல்நாட்டுச் சான்று தேடவேண்டாம், சென்னைச் சேத்துப்பட்டைக் காட்டுகிறோம்.

1956-இல் அங்கே காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளியை மலைக்காற்று வீசும் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்தால்தான் பிழைப்பான் என்று உலகம் நம்பிய காலம் அது. படுக்கையோ குறைவு, நோயாளியோ கோடி. 193 ஏழை நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறுபகுதியினரை அவரவர் நெருக்கடி வீட்டிலுமே வைத்து மருந்து தந்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது: வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அவ்வளவே குணமடைந்தார்கள்! ஆனால் எப்படி? முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குச் சென்றார்கள், மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உட்சென்றதா என்று பார்த்தார்கள், வராதவரைத் தேடிப் போனார்கள். "வீட்டில் மருந்து உண்போர் தவறவிடுவது இயல்பு, ஆகவே தவறாமலிருக்க ஏற்பாடு வேண்டும்" என்று கண்டார்கள். அதன் தொடர்ச்சியாக, வாரம் இருமுறை கண்ணெதிரே மருந்து தரும் முறையையும் அங்கேயே சோதித்து 1964-இல் வெளியிட்டார்கள். நேரடிக் கண்காணிப்பில் மருந்து என்று 1990-களில் உலகமே மேற்கொண்ட முறைக்கு வித்திட்ட இடங்களுள் தலையாயது நம் சென்னை!

நோயாளி மருந்தை விட்டால் அவனைத் திட்டாதே, ஏற்பாட்டைத் திருத்து — இந்தப் பாடத்தை உலகுக்குச் சொன்ன நாடு, குடிநோயாளிக்கு மட்டும் ஏன் அதை மறந்தது? காசநோயாளியிடம் இருக்கும் இரக்கம் குடிநோயாளியிடம் ஏன் இல்லை? ஒன்றை நோய் என்று நினைக்கிறோம். மற்றதைப் பாவம் என்று நினைக்கிறோம். அவ்வளவுதான்!

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் வாசற்படியேறி வந்தன. நல்லது, வரவேற்கிறோம். அதே பையில், அதே கையில், குடிநோய்க்குரிய மாத்திரைக்கும் ஓர் இடம் வேண்டும் என்கிறோம். மருத்துவர் இல்லாத குறைக்கு என்ன செய்வது என்று தயங்கவேண்டாம். கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத சாதாரண மக்களுக்குப் பயிற்சி தந்து, குடியால் கெடுவோருக்கு அறிவுரை கூறவைத்தார்கள். பலன் கிடைத்தது என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. வட்டார மொழி அறிந்த, அந்த மலையிலேயே பிறந்த பெண்ணும் ஆணும் அந்தப் பணிக்குப் போதும்.

*

"கடையை மூடிவிட்டால் போதுமே!" என்பார் சிலர். கடையைக் குறைக்கவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆயினும் வரலாற்றைப் பாருங்கள். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். நாகம்மையாரும் கண்ணம்மாளும் களத்தில் நின்றார்கள். பெரியார் தம் தோப்பின் தென்னைகள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றை வெட்டிச் சாய்த்தார். அத்தனைத் தியாகம் செய்தவரே, பிற்காலத்தில் மதுவிலக்குச் சட்டத்தால் பயனில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 1937-இல் சேலத்தில் தடை; 1948-இல் மாகாணம் முழுதும் தடை; 1971-இல் திறப்பு; 1974-இல் மூடல்; 1981-இல் மீண்டும் திறப்பு; 1983-இல் டாஸ்மாக் தோற்றம்; 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கையில். கதவு மூடியும் திறந்தும் ஆடியதே தவிர, நோயாளியைப் பற்றி எந்தக் கதவும் கவலைப்படவில்லை. கடை மூடிய நாளிலும் ஊறல் உண்டு; 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே! வேட்கை நோயாக உடலில் இருக்கும்வரை, கடை இல்லாவிட்டால் காடு விற்கும்.

2024-25-ஆம் ஆண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். இந்தப் பெருவெள்ளத்திலிருந்து ஒரு துளி, குடியால் கெட்டவனின் மாத்திரைக்குப் பாயவேண்டும் என்று கேட்பது பிச்சையா? உரிமை! 2017-ஆம் ஆண்டுச் சட்டமே, அரசு அறிவித்த இன்றியமையா மருந்துகளை வட்டாரச் சுகாதார நிலையம் முதல் எல்லா அரசு நிலையங்களிலும் மனநோயாளிக்கு இலவசமாக, எப்போதும் தரவேண்டும் என்கிறது. 'எப்போதும்' என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள், தோழர்களே! "இருப்பு இல்லை, அடுத்த வாரம் வா" என்பது சட்டமீறல்.

2019-இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பு சொல்கிறது: குடிக்கு அடிமைப்பட்ட நோயாளிகள் இந்தியாவில் ஏறத்தாழ 2.9 கோடி, அவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார். நகரத்தையும் சேர்த்தே இந்தக் கணக்கு. மலையுச்சிக் குடிசையில் இருப்பவன் அந்த ஒருவனாக இருப்பானா, மற்ற முப்பத்தேழில் இருப்பானா? விடையை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

*

பகுத்தறிவு இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தாயத்தை அறுப்பது நம் வேலையில் பாதி. அறுத்த இடத்தில் மாத்திரையை வைப்பது மறுபாதி. முதல் பாதியோடு நின்றுவிட்டால், அந்தக் கழுத்தில் வேறொரு தாயத்து தானே வந்து தொங்கும். "கயிற்றை நம்பாதே" என்று மேடையில் முழங்கிவிட்டு இறங்கி வந்துவிடுகிறோம். மறுநாள் காலையில் அவன் கை நடுங்கும்போது நாம் எங்கே இருக்கிறோம்? பூசாரியாவது பக்கத்தில் இருக்கிறான்!

எனவே, மலைக்குச் செல்வோர் கையில் துண்டறிக்கையோடு ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். ஊரில் மருந்து உண்பவர் விரும்பினால் — அவர் விரும்பினால் மட்டும் — அவருக்கு ஒரு மருந்துத் தோழன் அமையட்டும். நாள்தோறும் ஒரு கேள்வி: "சாப்பிட்டாயா, அண்ணா?" அதில் அதட்டல் இருக்கக்கூடாது, உளவு இருக்கக்கூடாது, ஊரறியப் பரப்பும் வம்பு இருக்கவே கூடாது. அந்தச் சுமை முழுவதையும் மனைவியின் தலையில் ஏற்றாதீர்கள். அடி வாங்கியவளையே காவலாளியாகவும் நிறுத்துவது நீதியன்று. மாத்திரையை நீட்டியதற்காக அவள் மறுபடி அடி வாங்கவேண்டுமா? அண்ணன், தம்பி, நண்பன், செவிலி என்று பகிர்ந்துகொள்ளட்டும். மருந்து தீரும் நாளைக் குறித்துவைத்து, ஒருவர் இறங்கி ஐந்து பேருக்கும் வாங்கிவர நிலையத்தார் இசையுமாறு வாதாடுங்கள். வெளியூர் செல்வோர்க்கு, எந்த அரசு மருத்துவமனையிலும் செல்லும் சீட்டும், இரண்டு திங்கள் மருந்தும் கேளுங்கள். ஊர் விருந்தில் அவனுக்குக் கோப்பையை நீட்டும் கையைத் தடுங்கள். சாமிக்குப் படைத்த சாராயத்தைத் தொடாதவனை ஊர் இகழாமல் காப்பாற்றுங்கள். தவறிக் குடித்தவனை முதலில் பார்க்கச் செல்பவர்கள் நீங்களாக இருங்கள்.

சிறிய வேலை இது. மாலை மரியாதை கிடைக்காத வேலை. செய்தித்தாளில் படம் வராத வேலை. ஆயினும், ஒரு மாத்திரை ஒருநாள் தவறாமல் ஒரு குடிசைக்குள் போவதற்கு, சாலை வேண்டும், செவிலி வேண்டும், சட்டம் வேண்டும், கூலி வேண்டும், மரியாதை வேண்டும். அந்தச் சிறு வில்லையைத் தொடர்ந்து சென்றால், சமுதாயத்தின் எல்லாக் கோளாறும் வழியில் எதிர்ப்படும். அங்கங்கே நின்று போராடுவதற்குப் பெயர்தான் சீர்திருத்தம்.

சாமி மலையேறிப் பல நூற்றாண்டு ஆயிற்று. கண்ட பலனையும் பார்த்துவிட்டோம். இனி மருந்து மலையேறட்டும்! ஏற்றிவைக்கும் தோள்கள் நம்முடையவை ஆகட்டும்!